வெள்ளைச் சோறு தின்ற பத்துப் பன்றிகள்

பன்றிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தவே மாட்டேன் என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். போன வருஷம் எங்கள் கொட்டகையில் நடந்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் எவ்வளவு சோறு, எவ்வளவு பருப்பு என்று என் கண் தானாக எடை போடுகிறது. யாரென்றே தெரியாத ஒருவரிடம், "கூட்டு இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோங்க, அதுலதான் சத்து கீது" என்று சொல்லி முறைப்பும் வாங்கியிருக்கிறேன்.

இந்தப் பைத்தியம் பிடிப்பதற்கு முன்னால் நான் மறைமலை நகரில் வண்டி உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த ஆள். பதினோரு வருஷம். லைனில் ஒரு பாகம் வரும். இரண்டு போல்ட் போட்டு முறுக்க வேண்டும். அடுத்தது வரும். அதற்கும் இரண்டு போல்ட். அங்கே யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நான் நிற்கும் இடத்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் வீட்டில் என் மனைவி பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டும் நான் திரும்பவே இல்லையாம். அன்றைக்குத்தான் பன்றி வளர்க்கும் யோசனையை முதன்முதலாக வெளியில் சொன்னேன்.

அவள் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் உதவியாளராக இருக்கிறாள். எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு நான்காம் நாள் ஒரு ஒப்பந்தம் போட்டாள்.

"ஒரே ஒரு பேட்ச் மாமா. கிறிஸ்மஸுக்குள்ள பன்னிங்க ஆளாகி வித்துதுன்னா நீ கெலிச்ச. இல்லன்னா வாயத் தொறக்காம கம்பெனிக்கே திரும்பிப் போய்டணும். சரியா?"

சரி என்றேன். ஈஸ்டர் முடிந்த வாரம் படாளத்துக்குப் பக்கத்தில், வயலோரமாக ஒரு பழைய கொட்டகையைக் குத்தகைக்குப் பிடித்து, தாய்ப்பால் மறந்த குட்டிகள் பத்தை வாங்கி விட்டேன். வெள்ளைக் குட்டிகள், ரோஸ் நிற மூக்கு, விறைத்த காது. எங்கள் ஜனத்துக்குப் பன்றிக்கறி இல்லாமல் கிறிஸ்மஸ் கிடையாது. டிசம்பரில் வாங்க ஆள் தானாக வரும். அதுவரை வளர்த்தால் போதும்.

வளர்ப்பதில்தான் என் வறட்டுப் பெருமை குறுக்கே வந்து நின்றது.

பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதி மெஸ்ஸில் மிஞ்சும் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருந்தேன். அங்கே பாத்திரம் கழுவும் இடத்தைப் பார்த்துக்கொள்பவர் ஓர் அக்கா. முதல் நாளே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, எனக்கு வெறும் வெள்ளச் சோறு மட்டும் போதும். முட்ட, சுண்டலு, மீல்மேக்கரு, எலும்பு எதையும் என் டிரம்முல போடாத. கண்டதத் தின்னு வளந்த பன்னின்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"பன்னிக்கு இவ்ளோ ஆச்சாரமா?" என்று அவர் சிரித்தார். ஆனால் சொன்னபடியே செய்தார். எனக்கு இரண்டு டிரம் சோறு. நான் வேண்டாம் என்றது எல்லாம் தனி டிரம்மில் போய், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கும் ஒருவருக்குச் சேர்ந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் நெல் அறுத்தவர். அவர் சின்ன வயதில் வீட்டில் வெள்ளைச் சோறு கண்ணில் பட்டது கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் கூழ். நான் பிறந்தபோது நிலைமை மாறியிருந்தது, வீட்டுப் பேச்சு மாறவில்லை. வசதியாக இருக்கிறான் என்பதற்கு எங்கள் வீட்டில் "அவனுக்கு இன்னா, மூணு வேளையும் சோறு" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சில் வளர்ந்தவன் தன் பன்றிக்கு ஆக உயர்ந்ததைக் கொடுக்க நினைத்தால் வேறெதைக் கொடுப்பான்?

கொடுத்தேன். தினமும் குட்டியானை வண்டியில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துப் பொத்தேரிக்குப் போவேன். போகும்போதும் வரும்போதும் பழைய கம்பெனியின் கேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த இடம் வரும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராகப் பார்த்து ஓட்டுவேன். கொண்டுவந்த சோற்றை நோய் வராமல் இருக்கப் பெரிய இரும்பு டிரம்மில் போட்டு மறுபடி கொதிக்க வைத்து, ஆற்றி, தொட்டியில் கொட்டுவேன். ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு. பத்தும் முட்டி மோதித் தின்னும். வயிறு நிறைந்து படுக்கும். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் பன்னி இன்னா தின்னுது பாத்தியா?" என்று மார் தட்டினேன்.

ஆடி மாசம் வந்தது. பன்றிகள் அப்படியே இருந்தன. புழுவாக இருக்கும் என்று மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஆடி போய் ஆவணி வந்தது. புழு போனதோ என்னவோ, சதை வரவில்லை. சோறு போதவில்லை போலிருக்கிறது என்று மூன்றாவது டிரம்மும் கொண்டுவந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு வியாபாரி எட்டிப் பார்த்தார். கிறிஸ்மஸ் சரக்கை முன்கூட்டியே பேசி வைக்க வந்தவர். கொட்டகைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"இன்னா அண்ணாத்த, குட்டிய காட்டினுகீற? பெரிசு எங்க?"

"இதான் பெரிசு."

"எப்ப வாங்குன?"

"ஈஸ்டர்ல."

அவர் விலைகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டார். அவர் போனதும் கொட்டகைக் கட்டையில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் மறைமலை நகரில் வண்டியை நிறுத்தி, கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டிடம் மறுபடி சேருவதற்கான விண்ணப்பத்தை வாங்கினேன். வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்தேன். நான் தோற்றேன் என்று வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் தாளாகக் கொடுத்தேன்.

அவள் படித்துப் பார்த்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கிறிஸ்மஸ் வரல. ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சி நானும் வரேன். பாக்கலாம்."

குட்டி வாங்கிய அன்றைக்கு வந்ததோடு சரி, அதற்கப்புறம் அவள் கொட்டகைப் பக்கம் வந்ததில்லை. அந்த ஞாயிறு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே பன்றிகளுக்கு நடுவில் போய் நின்றாள். ஒன்றின் முதுகைத் தடவினாள். வயிற்றைத் தட்டினாள். முடியை விரலால் இழுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"மாமா, வயிறு மட்டும் உப்பிகினு கீது. முதுவுல கைய வெச்சா எலும்பு தட்டுது. முடி பாரு, பளபளப்பே இல்ல. எங்க வார்டுக்கு வர்ற சில புள்ளைங்க இப்டியேதான் இருக்கும். நீ இன்னா போடுற?"

"சோறு."

"கூட?"

"சோறுதான். மூணு டிரம்மு."

"பருப்பு, முட்ட, கருவாடு, ஒண்ணுமேவா இல்ல?"

நான் பெருமையோடு அக்காவிடம் சொன்ன கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே இறங்கிப்போனது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"வார்டுல அம்மாமாருங்ககிட்ட டெய்லி இதத்தான் சொல்லிகினு கீறேன், வெறுஞ்சோத்த ஊட்டாதீங்கன்னு. என் வூட்லயே ஒருத்தன் பத்துப் புள்ளைங்களுக்கு அதச் செஞ்சிகினு கீறான்."

மறுநாள் அரசுக் கால்நடை மருந்தகத்தின் டாக்டரம்மா வந்தார். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். "நீங்க இதுங்களைப் பட்டினி போடலை. ஆனா உடம்புக்கு வேண்டியதைக் கொடுக்கவும் இல்லை. சோத்துல தெம்பு இருக்கு. சதை கட்டணும்னா புரதம் வேணும். புரதத்துக்குள்ளயே பல வகை உண்டு. பன்றிக்கு முக்கியமான ஒண்ணு குறைஞ்சாலும் மத்ததெல்லாம் வீணாப் போயிடும். கடலைப் புண்ணாக்கு போடுங்க. அதுல குறையறது மீன்ல இருக்கு. அதனால ரெண்டும் சேரணும்."

ஒன்று குறைந்தால் மற்றது வீண்! அந்த இடத்தில் எனக்குள் விளக்கு எரிந்தது. இதை என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? இரண்டு போல்ட்டில் ஒரு போல்ட் வரவில்லை என்றால் லைனில் மற்ற சாமானெல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கும், முடிந்த பாகம் ஒன்றுகூட வெளியே போகாது. பதினோரு வருஷம் அதைக் கண்ணால் பார்த்தவன் நான். போல்ட்டே இல்லாத லைனில் சாமானைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன், மூன்றாவது டிரம் வேறு! டாக்டரம்மா முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் குதிக்க வேண்டும் போலிருந்தது. குறை என்னவென்று தெரிந்துவிட்டதே.

"இப்ப ஆரம்பிச்சா கிறிஸ்மஸுக்குப் புடிச்சிடலாமா மேடம்?"

"வயசு இருக்கு, பசி இருக்கு. சரியாக் கொடுத்தா துரத்திப் புடிக்கும். ஆனா விக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி மீனை நிறுத்திடுங்க, கறியில வாடை வரும்."

பைக்கை முறுக்கிக்கொண்டு பொத்தேரிக்குப் பறந்தேன். அக்காவிடம், "எல்லாத்தையும் எனக்கே போடுக்கா, முட்ட, சுண்டலு, மீல்மேக்கரு, அத்தினியும்" என்றேன்.

"நீதான வேணாம்னே? கோழிக்காரருக்குக் குடுத்துகினு கீறேன். இப்ப எப்டி இல்லன்றது? அவரு கோழிங்கள பாத்தியா நீ? சும்மா மினுமினுன்னு கீது."

என் கையால் அள்ளிக் கொடுத்த சத்தில் எவனோ ஒருவனின் கோழி மினுமினுக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அக்காவே மனசு இரங்கி, "செவ்வாக்கெழம சுண்டலு மட்டும் ஒனக்கு" என்றார். மதுராந்தகத்தில் கடலைப் புண்ணாக்கு கிடைத்தது. பாக்கி இருந்தது மீன்.

அடுத்த ஞாயிறு மனைவியைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போனேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் வலையை விரித்து மீன் காய வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பெரிய பெரிய கருவாடு, வெள்ளையாக உப்புப் பூத்து அழகாக இருந்தது. இன்னொரு பக்கம் பொடி மீன், மங்கலாக, மணல் ஒட்டி. நான் அழகாக இருந்ததைக் காட்டி ஒரு மூட்டை வேண்டும் என்றேன். பாருங்கள், மறுபடியும் அதே புத்தி! வெள்ளையாக இருந்தால் உசத்தி.

காய வைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "மூட்டையாவா? இன்னாத்துக்கு நைனா?"

"பன்னிக்கு."

"ஐயையோ! அது உப்புக் கருவாடு. அத்தப் போட்டின்னா தண்ணி தண்ணின்னு அலஞ்சி, இழுத்துகினு செத்துடும். இத்த எடுத்துகினு போ, காரப்பொடி மீனு. உப்பே போடல. கோழித் தீனிக்குப் போறது. மணல மட்டும் சலிச்சிக்க."

என் மனைவி தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. வண்டியில் ஏறியதும்தான் சத்தமாகச் சிரித்தாள். "ஒன்ன நம்பி அதுங்க வந்து மாட்டிகினுதே மாமா!" காரப்பொடி மூட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அந்த நாற்றத்தோடு இருபது மைல் வந்தோம். நான் பாடிக்கொண்டே ஓட்டினேன்.

முதல் இரண்டு நாள் ஆசையில் அள்ளிப் போட்டு எல்லாவற்றுக்கும் வயிற்றால் போனது. அதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. மூன்றாம் நாளிலிருந்து தீனி அளவு மனைவியின் கைக்குப் போனது. தவிடு இத்தனை, ஊற வைத்த புண்ணாக்கு இத்தனை, இடித்துச் சலித்த காரப்பொடி இத்தனை, சோறு ஒரே ஒரு டிரம். வார்டில் குழந்தைகளின் கையை ஒரு நாடாவால் அளந்து தேறியதா என்று பார்ப்பார்களாம். அவள் ஒரு தையல் டேப்பைக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஞாயிறும் பன்றியின் முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்தாள். சுவரில் பத்துக் கோடு, கோட்டுக்கு மேல் சாக்பீஸில் எண்.

முதல் ஞாயிறு பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாவது ஞாயிறு எல்லாக் கோட்டிலும் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. டேப்பைச் சரியாகப் பிடித்தாளா என்று நான் மறுபடி அளந்தேன். சரிதான். மூன்றாவது ஞாயிறு நான் பன்றியைப் பிடித்துக்கொள்ள, அவள் எண்ணைக் கத்தினாள். நான் போன வார எண்ணைக் கத்தினேன். இரண்டையும் பார்த்து இருவரும் சேர்ந்து கத்தினோம். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பாம்பு புகுந்துவிட்டதோ என்று ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்து திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

அதற்கப்புறம் வாரம் எப்போது முடியும் என்று இருந்தது எனக்கு. முதுகு உருண்டது. தொங்கிய வயிறு உள்ளே போய்த் தொடை வெளியே வந்தது. முடி மினுமினுத்தது. ஆமாம், கோழிக்காரருடைய கோழி மாதிரியே! தீனித் தொட்டிச் சத்தம் கேட்டதும் பத்தும் பாய்ந்து வரும்போது தரை அதிரும். கம்பெனி கேட்டைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கிவிட்டே போனேன், ஹாரன்கூட அடித்தேன். ஐப்பசி மழை பிடித்து மீன் காய வழியில்லாமல் போனபோது, அந்தக் குப்பத்து அம்மா முன்கூட்டியே எனக்கென்று இரண்டு மூட்டை எடுத்து வைத்திருந்தார். கார்த்திகையில் டாக்டரம்மா சொன்னபடி மீனை நிறுத்திச் சோயாப் புண்ணாக்குக்கு மாறினேன். அந்த வாரம் எண் இறங்கிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. இறங்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு ஐந்து நாள் முன்னால் அதே வியாபாரி வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் கையை அழுத்திப் பார்த்தார்.

"இது வேற பன்னிங்கதான அண்ணாத்த? அந்தக் குட்டிங்க எங்க?"

"அதான் இது."

அவர் நம்பவில்லை. என் மனைவி சுவரில் இருந்த கோடுகளைக் காட்டினாள். அவர் கீழிருந்து மேலாக ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பிறகு பத்தையும் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி மெயின் ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தும் போகிறதே என்று வருத்தம்தான். ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

காலிக் கொட்டகைக்குள் வந்ததும் அவள் எதிரே கையை நீட்டினேன். "அந்த ஃபாரத்த குடு. நானே கிழிக்கிறேன்."

அவள் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். கிழிக்கப் பிரித்தேன். ஒரு பக்கம் என் கையெழுத்து. திருப்பினால், அவளுடைய எழுத்து. தவிடு, புண்ணாக்கு, காரப்பொடி, சோறு, ஒவ்வொன்றுக்கும் நேராக அளவு. எல்லாவற்றுக்கும் கீழே, "அடுத்த பேட்ச், பதினஞ்சு குட்டி." மடிப்பில் மை தேய்ந்து மங்கியிருந்தது.

"இத்த எப்ப எழுதுன?"

"மூணாவது ஞாயித்துக்கெழம."

"அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாமில்ல? மூணு மாசமா நான் செத்துச் செத்துப் பொழச்சேன்!"

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே மறுபடி வெறுஞ்சோத்தக் கொட்டிட்டு காலு மேல காலு போட்டுகினு உக்காந்திருப்ப" என்றாள் அவள்.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. இப்போது கொட்டகையில் பதினைந்து குட்டிகள் இருக்கின்றன. தினமும் தீனி கலக்கும்போது பார்த்துக்கொள்ள, அதைத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன், என் கையெழுத்து இருக்கும் பக்கம் சுவரோடு சேர்ந்து இருக்கும்படி.